ஊசி குத்தி மூன்று வாரம் ஆகிவிட்டது, இனி என்ன செய்வது?

கேள்வி: முக்கூடலிலிருந்து தினமும் பேருந்தில் வந்து, பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையின் லேப்பில் வேலை பார்க்கிறேன். மூன்று வாரங்களுக்கு முன், ரத்தம் எடுத்த ஊசிக்கு மூடி போடும்போது விரலில் குத்திவிட்டது. "சின்னக் குத்துதானே, கையைக் கழுவிவிட்டு வேலையைப் பாரு" என்றார்கள். வேலையில் சேர்ந்தபோது ஹெப்படைடிஸ் பி தடுப்பூசி ஒரு தவணை போட்டார்கள். பிறகு யாரும் கேட்கவில்லை. எங்களுக்கு மருத்துவமனை என்னென்ன பரிசோதனைகள் செய்ய வேண்டும்?

பதில்: முதலில் உங்கள் பயத்தின் அளவைப் பார்ப்போம். நோயுள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று அளவே. கல்லீரலைத் தாக்கும் வைரஸ்களில், ஹெப்படைடிஸ் சி தொற்றும் வாய்ப்பு நூற்றில் இரண்டுக்கும் குறைவு. ஆனால் தடுப்பூசி போடாதவருக்கு ஹெப்படைடிஸ் பி நூற்றில் முப்பது வரை தொற்றக்கூடும். எல்லோரும் எச்.ஐ.வி.யை நினைத்தே தூக்கத்தைத் தொலைக்கிறார்கள். உங்கள் நிலையில் நான் அதிகம் கவலைப்படுவது மூன்று தவணைத் தடுப்பூசியில் விட்டுப்போன அந்த இரண்டு தவணைகளைப் பற்றித்தான்.

எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரைகளை ஊசி குத்திய இரண்டு மணி நேரத்திற்குள், அதிகம் போனால் 72 மணி நேரத்திற்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். ஹெப்படைடிஸ் பி இம்யூனோகுளோபுலினை (உடனடிப் பாதுகாப்பு தரும் எதிர்ப்பொருள் ஊசி) 24 மணி நேரத்திற்குள் போடுவதே நல்லது. ஏழு நாளுக்குப் பின் அதனால் பயன் இருக்குமா என்பது உறுதியில்லை. இரண்டு கெடுவும் கடந்துவிட்டன. எனவே நாளையே எச்.ஐ.வி., ஹெப்படைடிஸ் பி, சி மூன்றுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, குத்திய நாளிலிருந்து ஆறாவது வாரம், மூன்றாவது மாதம், ஆறாவது மாதம் ஆகிய காலங்களில் மீண்டும் செய்துகொள்ளுங்கள். அந்த நோயாளி யார் என்பது தெரிந்தால், அவருடைய சம்மதத்துடன் அவரையும் பரிசோதிப்பது பாதிக் குழப்பத்தைத் தீர்க்கும். நின்றுபோன தடுப்பூசியை முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து போட்டுக்கொள்ளலாம். கடைசித் தவணைக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து, ரத்தத்தில் ஹெப்படைடிஸ் பி எதிர்ப்பொருள் (ஆன்டி-எச்.பி.எஸ்.) மில்லிலிட்டருக்கு 10 மில்லி அலகாவது வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பரிசோதனைகள் முடியும்வரை ரத்ததானம் வேண்டாம். மணமானவர் என்றால் ஆணுறை அவசியம். வீட்டில் யாராவது கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தால், அதை நம்பி பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, மருத்துவக் கழிவைக் கையாளும் பணியாளர் அனைவருக்கும் வேலையில் சேரும்போதும், ஆண்டுக்கு ஒரு முறையாவதும் உடல் பரிசோதனை செய்ய வேண்டும். ஹெப்படைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசிகள் போட வேண்டும். ஊசிக்குத்து உள்ளிட்ட விபத்துகளைப் பதிவு செய்ய வேண்டும். குப்பை அள்ளும் அக்காவுக்கும் இது பொருந்தும். அவர்தான் பெரும்பாலும் விடுபடுகிறார். சாதாரணக் குப்பைப் பையில் தவறிக் கிடக்கும் ஊசியும் அவர் கையில்தான் குத்துகிறது.

என் அனுபவத்தில், ஆண்டுக்கொரு முறை ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக் கோப்பை மூடிவிடுவதையே பல இடங்களில் கண்காணிப்பு என்கிறார்கள். உண்மையான கண்காணிப்பு அந்த விபத்துப் பதிவேட்டில்தான் இருக்கிறது. எந்த வார்டில், எந்த ஷிப்டில், என்ன செய்யும்போது குத்தியது என்று எழுதி வைத்தால், மூடி போடும்போதுதான் அடிக்கடி குத்துகிறது என்பது தானாகவே தெரியவரும். பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடவே கூடாது. குத்தித் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியை ரத்தம் எடுக்கும் இடத்திலேயே, கைக்கெட்டும் தூரத்தில் வைக்க வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்: எக்ஸ்ரே பிரிவில் இருப்பவர் டி.எல்.டி. பேட்ஜ் (உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் பட்டை) அணிய வேண்டும், அதன் அளவீட்டைக் கேட்டுப் பார்க்கவும் வேண்டும். இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் இருக்கும் எந்தப் பணியாளருக்கும் காசநோய்க்கான சளிப் பரிசோதனை தேவை.

எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017, மருத்துவமனைகள் பணியாளருக்குப் பாதுகாப்பான சூழலையும் தடுப்பு மருந்தையும் தர வேண்டும் என்கிறது. இன்னொரு முறை குத்தினால், பிதுக்காமல் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவிவிட்டு, அனுமதிக்குக் காத்திராமல் ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கு அன்றே போய்விடுங்கள். பழைய குத்தையும் இப்போதே தேதியிட்டு எழுதி நிர்வாகத்திடம் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் உள்ள ஒரு படி உங்களிடம் இருக்கட்டும்.