உறுமல் நின்றபோது

அன்புள்ள ஆசிரியருக்கு,

நானும் என் நண்பனும் கல்லூரிக் காலத்திலிருந்து ஸ்வீடனின் ஓபெத் என்ற மெட்டல் இசைக்குழுவைக் கேட்டுவருகிறோம். 2011-ல் 'ஹெரிடேஜ்' ஆல்பம் வந்தபோது எங்களுக்குள் தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை. தொண்டையிலிருந்து உறுமுவதுபோலப் பாடும் அந்த உறுமல் குரல் போய்விட்டது, கனத்த கிட்டார் போய்விட்டது. கூட்டம் சேர்ப்பதற்காக இறங்கிவிட்டார்கள், இது துரோகம் என்றேன் நான். அவன் வளர்ச்சி என்றான். "உனக்குச் சத்தம்தான் வேண்டும், இசை வேண்டாம்" என்று ஒருநாள் சொல்லிவிட்டான். 2024-ல் வந்த ஆல்பத்தில் உறுமல் திரும்பி வந்த பிறகும் அந்தச் சொல் மட்டும் ஆறவில்லை. நான் இத்தனை நாள் கேட்டது சத்தத்தைத்தானா?

ர.

அன்புள்ள ர.,

இல்லை. உங்கள் நண்பர் அந்த இடத்தில் தவறிவிட்டார் என்றே நினைக்கிறேன்.

2001-ல் வந்த 'பிளாக்வாட்டர் பார்க்' ஆல்பத்தில் 'தி டிரேப்பரி ஃபால்ஸ்' என்ற பாடலை இந்தக் கடிதத்துக்காக மறுபடி கேட்டேன். கிட்டத்தட்ட 11 நிமிடப் பாடல். கிட்டார் நிதானமாக நடக்கும். குழுவின் பாடகரும் பாடல்களை எழுதுபவருமான மிக்கேல் ஆக்கர்ஃபெல்ட் தன் தெளிந்த குரலில், யாரையும் எழுப்பிவிடக் கூடாது என்பதுபோலப் பாடுவார். ஏறக்குறைய பாதிவரை உறுமலே கிடையாது. அப்புறம் அது வரும்போது, அதுவரை கேட்ட மென்மை எல்லாம் எதையோ அடக்கிவைத்திருந்தது என்று புரியும். நமக்கு ஓபெத்தின் மென்மை பிடித்ததே அதன் பக்கத்தில் அந்தக் கனம் இருந்ததால்தான். 'ஹெரிடேஜ்' கேட்டபோது நீங்கள் இழந்தது இந்த ஏற்ற இறக்கத்தை. வெறும் சத்தம் வேண்டுமென்றால் அதைத் தர நூறு குழுக்கள் இருந்தன, நீங்கள் அங்கே போகவில்லையே.

ஆனால் 'கூட்டம் சேர்க்க' என்று நீங்கள் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த ஆல்பம் தனிமையான ஒரு பியானோவில் தொடங்குகிறது. உள்ளே ஜாஸ் இருக்கிறது, புல்லாங்குழல் இருக்கிறது, எழுபதுகளின் ப்ரோக்ரெசிவ் ராக், அதாவது நீண்ட, சிக்கலான பாடல்கள் கொண்ட ராக் வகை, நெடுக இருக்கிறது. 2011-ல் இதைச் செய்து புதுக் கூட்டம் பிடிக்கலாம் என்று யாரும் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள். நடந்தது என்னவென்றால், ஆக்கர்ஃபெல்ட் முதலில் முந்தைய ஆல்பத்தின் வழியிலேயே பாடல் எழுதத் தொடங்கியிருக்கிறார். குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கும் மார்ட்டின் மெண்டெஸ் அதைக் கேட்டுவிட்டு, புது ஆல்பமும் இப்படியே போனால் தனக்கு ஏமாற்றமாக இருக்கும் என்று சொல்லியிருக்கிறார். எழுதியதைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார் ஆக்கர்ஃபெல்ட். குழுவுக்குள்ளேயே ஒருவருக்குப் பழைய பாதை சலித்துவிட்டது, இன்னொருவர் அதை ஒப்புக்கொண்டார். இதில் துரோகம் எங்கே இருக்கிறது?

'மென்மையாகிவிட்டார்கள்' என்ற ஒரே சொல்லில் வேறு வேறு விஷயங்களை நாம் போட்டுக் குழப்புகிறோம் என்று தோன்றுகிறது. அமெரிக்க மெட்டல் குழுவான மெட்டாலிகா 1991-ல் கறுப்பு அட்டை ஆல்பத்தைக் கொண்டுவந்தபோதும் இதே குற்றச்சாட்டுதான். அங்கே பாடல்கள் சுருங்கின, வேகம் குறைந்தது, சிக்கல் குறைந்தது. ஆனால் ஒலி தடித்தது. அவர்களின் 1988 ஆல்பத்தில் தேடினாலும் சரியாகக் கிடைக்காத பேஸ், இதில் நெஞ்சில் வந்து இடித்தது. அது எளிமையானது என்பேன், மென்மையானது என்று சொல்ல மாட்டேன். ஓபெத் இதற்கு நேரெதிர். ஒலி இளகியது, பாடல்களின் சிக்கல் அப்படியே இருந்தது. ஒருவர் ஒன்றை விரும்பாமல் போவதற்கும் இன்னொன்றை விரும்பாமல் போவதற்கும் காரணங்கள் வேறு. உங்கள் இருவருக்கும் நடந்த சண்டையில் இது ஒருநாளும் பிரித்துப் பேசப்படவில்லை என்று ஊகிக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. 2003-ல் வந்த 'டாம்னேஷன்' ஆல்பத்திலும் உறுமல் கிடையாது. அதை நீங்கள் வெறுத்தீர்களா? நான் கொண்டாடினேன். சில மாதங்கள் முன்பு, 2002-ல், அதன் கனத்த ஜோடியான 'டெலிவரன்ஸ்' வந்திருந்தது. இரண்டும் ஒரே காலத்தில் உருவானவை. அதனால் மென்மையான பக்கத்துக்குச் சும்மா போய்வருகிறார்கள் என்று எடுத்துக்கொண்டோம். 2011-ல்தான் வீட்டையே காலி செய்துவிட்டார்கள் என்ற பயம் வந்தது. போதாததற்கு அந்த ஆண்டுச் சுற்றுப்பயணத்தில் உறுமல் வரும் பழைய பாடல்களையும் வாசிக்கவில்லை. நம் கையில் இருந்ததையும் பிடுங்கிக்கொண்டது போலத்தான் இருந்தது. உங்கள் கோபத்தில் பாதி அந்த இசையின் மீது அல்ல, இந்தப் பயத்தின் மீது என்பது என் எண்ணம். என் கோபமும் அப்படித்தான் இருந்தது. 'ஹெரிடேஜ்' வந்த நாளில் மூன்றாவது பாடலோடு நிறுத்திவிட்டு, இரண்டு வருடம் அதைத் தொடவே இல்லை. பிறகு ஒரு ராத்திரி தூக்கம் வராமல், வேறு எதையோ தேடும்போது கைபட்டு அந்தப் பியானோ ஓடத் தொடங்கியது. நிறுத்தத் தோன்றவில்லை. உறுமல் எங்கே வரும் என்று காத்திருக்காமல் அதை நான் கேட்டது அன்றுதான் முதல்முறை. இன்றும் அது எனக்கு 'பிளாக்வாட்டர் பார்க்' அளவுக்குப் பிடித்ததில்லை. ஆனால் அதைக் குறைந்த ஆல்பம் என்று சொல்ல வாய் வராது.

2024-ல் உறுமல் திரும்பியபோது நீங்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் முதல் பாடலிலேயே எழுந்து நின்றுவிட்டேன். அன்று என்னுடன் இன்னொருவர் இருந்தார். 2011-க்குப் பிறகு ஓபெத்துக்கு வந்தவர், அந்த மென்மையான பத்து வருடங்கள்தான் அவருக்கு ஓபெத். உறுமல் தொடங்கியதும் ஹெட்போனை மெல்லக் கழற்றி மேஜையில் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று இருந்தது.

உங்கள் நண்பரிடம் அந்த ஆல்பம் எப்படி இருந்தது என்று கேட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. வெற்றி பெற்றவர் போலக் கேட்காமல், உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேளுங்கள். அவர் சொன்னதை எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.