அம்மாவின் கட்டியில் இருக்கும் மரபணு மாற்றம் எனக்கும் வருமா?

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது. பெருங்குடலில் புற்றுநோய். பயாப்சி ரிப்போர்ட்டில் 'கேராஸ் மரபணு மாற்றம் உள்ளது' என்று போட்டிருக்கிறார்கள். மரபணு என்றாலே பரம்பரைதானே? "உனக்கும் பேத்திக்கும் கொடுத்துவிட்டேனே" என்று அம்மா அழுகிறார். என்ன சொல்லித் தேற்றுவது?

பதில்: அன்புச் சகோதரிக்கு, இன்றைக்கே அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள்: ரிப்போர்ட்டில் இருக்கும் அந்த மாற்றத்தை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. அது கட்டியின் செல்களில் இருப்பது. அநேகமாக நீங்கள் பிறந்து பல வருடம் கழித்து, குடலில் ஏதோ ஒரு செல்லில் உண்டானது. பிள்ளைக்குப் போக வேண்டுமானால் கருமுட்டையிலேயே இருந்திருக்க வேண்டும்.

குடலின் உட்சுவர்ச் செல்கள் நாலைந்து நாளைக்கு ஒருமுறை புதிதாகின்றன. ஒரு செல் இரண்டாகும் ஒவ்வொரு முறையும் சுமார் 600 கோடி டிஎன்ஏ எழுத்துகளைப் படியெடுக்க வேண்டும். பிழை விழத்தான் செய்யும். பெரும்பாலானவை உடனே திருத்தப்படும், தப்பியவற்றிலும் பல தீங்கு செய்யாதவை.

கேராஸில் விழும் பிழை அப்படியில்லை. 'வளரலாம்' என்ற செய்தி செல்லின் மேற்பரப்புக்கு வந்ததும் கேராஸ் மரபணு உண்டாக்கும் புரதம் விழித்து, அதை உள்ளே கடத்தும். வேலை முடிந்ததும் தானே அணைந்துவிடும். அதன் 12ஆவது அமினோ அமிலம் மாறிவிட்டால் அணைய முடியாது. செய்தியே வராதபோதும் 'வளர், வளர்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். மேற்பரப்பில் செய்தியைத் தடுக்கும் செடுக்சிமாப் போன்ற மருந்துகள் இத்தகைய கட்டிகளில் பலன் தராததும் இதனால்தான். எந்த மருந்து உதவும் என்று பார்க்கத்தான் அந்தப் பரிசோதனையே, குடும்பத்தைப் பற்றிச் சொல்ல அல்ல. பெருங்குடல் புற்றுநோயில் பத்தில் நான்கு பேருக்கு இந்த மாற்றம் இருக்கிறது.

இது ஒன்று மட்டும் புற்றுநோயை உண்டாக்கிவிடாது. பல நேரம் முதலில் ஏபிசி என்ற மரபணு கெட்டு, பாலிப் என்னும் சிறு சதை வளரும். அப்புறம் கேராஸ். பழுதான செல்லைப் பெருகவிடாமல் நிறுத்தி, தேவைப்பட்டால் சாகவும் வைக்கும் பி53 என்ற மரபணு கடைசியில் கெடும். இப்படி ஒவ்வொன்றாகச் சேர, பெரும்பாலும் பத்து வருடத்துக்கு மேல் ஆகும்.

சரி, பரம்பரையாக வருவதே இல்லையா? உண்டு, புற்றுநோய்களில் 5 முதல் 10 சதவீதம் வரை. பெருங்குடலில் முக்கியமானது லிஞ்ச் சிண்ட்ரோம். இதில் படியெடுத்தல் பிழைகளைத் திருத்தும் மரபணுவே பிறவியில் பழுதாக இருக்கும். அம்மாவின் அதே பயாப்சித் திசுவில் இதற்கான அறிகுறி தெரிகிறதா என்று பார்க்கலாம். அதற்குப் பெயர் எம்எம்ஆர் பரிசோதனை. 'அதைச் செய்தீர்களா?' என்று டாக்டரிடம் கேளுங்கள். உறவினரில் யாருக்காவது 50 வயதுக்குள் குடல் அல்லது கருப்பைப் புற்றுநோய் வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

அந்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லையென்றாலும், தாய்க்கு வந்திருப்பதால் உங்களுக்கு ஆபத்து மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல்தான். 40 வயதிலேயே கொலனாஸ்கோப்பி (பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) செய்துகொள்ளுங்கள். பாலிப் இருந்தால், பெரும்பாலும் அப்போதே எடுத்துவிடுவார்கள்.