ஃபுகுஷிமா என்றால் எந்த ஃபுகுஷிமா? கேள்வி பதில்

ஜப்பானில் ஒரே பெயரில் பல ஊர்களும் பல மனிதர்களும் இருப்பதைப் பற்றிக் கேட்டு நிறையக் கடிதங்கள் வந்தன. அவற்றில் பாதிக்கு மேல் ஃபுகுஷிமாவைப் பற்றியவை. அதனால் இந்த முறை அந்த ஒரு பெயருக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

மதுரையிலிருந்து ஒரு வாசகி: அக்கா, என் தம்பிக்கு ஒசாகாவில் ஃபுகுஷிமா என்ற இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. கதிர்வீச்சு இருக்கும் ஊர் என்று அம்மா அனுப்ப மாட்டேன் என்கிறார். என்ன சொல்லட்டும்?

அம்மாவிடம் ஒரு வரைபடத்தைக் காட்டுங்கள். விபத்து நடந்த அணுமின் நிலையத்துக்கும் ஒசாகாவுக்கும் நேர்கோட்டில் ஏறக்குறைய 580 கிலோமீட்டர். சென்னைக்கும் கன்னியாகுமரிக்கும் உள்ள தூரத்தைவிடக் கொஞ்சம்தான் குறைவு. தம்பி போகிற ஃபுகுஷிமா ஒசாகா நகரத்துக்குள் இருக்கும் ஒரு வார்டு. ஒசாகா ரயில் நிலையத்தில் வட்டப்பாதை ரயில் ஏறினால் அடுத்த நிறுத்தமே அதுதான்.

நல்ல பெயர் எடுத்த பகுதி அது. 1984 முதல் 2024 வரை 10,000 யென் நோட்டில் முகமாக இருந்த ஃபுகுசாவா யுகிச்சி 1835-இல் பிறந்தது அங்கேதான். பானாசோனிக் நிறுவனத்தின் தொடக்கமான சிறிய பட்டறையை மட்சுஷிதா கோனோசுகே 1918-இல் ஆரம்பித்ததும் இன்றைய அந்த வார்டுக்குள்தான். நகரத்துக்கே மீனும் காய்கறியும் போகிற மொத்தச் சந்தை 1931 முதல் அங்கே நடக்கிறது. தம்பி தைரியமாகக் கிளம்பட்டும்.

சென்னையிலிருந்து: அப்படியானால் அந்த அணுமின் நிலையம் ஃபுகுஷிமா நகரத்தில்தானே இருக்கிறது?

இல்லை. இது எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஃபுகுஷிமா மாகாணம் பெரியது. ஹொக்கைடோ, இவாடே இரண்டுக்கும் அடுத்தபடியாக ஜப்பானில் மூன்றாவது பெரிய மாகாணம், 13,700 சதுர கிலோமீட்டருக்கும் மேல். 1876-இல் மூன்று மாகாணங்களை ஒன்றாக இணைத்து உருவாக்கினார்கள். அந்தப் பழைய பிரிவு இன்றும் தெரிகிறது. கிழக்கே கடலோரம் ஹமாதோரி, நடுவில் நகாதோரி, மேற்கே மலைகளுக்கு நடுவே ஐஸு. மூன்றுக்கும் தட்பவெப்பம் வேறு, பேச்சுவழக்கு வேறு.

ஃபுகுஷிமா நகரம் நகாதோரியில் இருக்கிறது. அணுமின் நிலையம் ஹமாதோரிக் கடற்கரையில், ஓகுமா, ஃபுதாபா என்ற இரண்டு சிற்றூர்களின் எல்லையில் இருக்கிறது. முதல் நான்கு உலைகள் ஓகுமாவில், மற்ற இரண்டும் ஃபுதாபாவில். அங்கிருந்து நகரத்துக்குச் சுமார் 60 கிலோமீட்டர், ஐஸுவின் முக்கிய நகரமான ஐஸு-வகாமட்சுவுக்குச் சுமார் 100 கிலோமீட்டர். காற்று வடமேற்கு நோக்கி வீசியதால் நகரப் பகுதியிலும் கதிரியக்கப் படிவு விழுந்தது உண்மை. அதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஆனால் 2011 மார்ச் 11-க்குப் பிறகு வீடுவாசலை விட்டு ஊரோடு வெளியேறியவர்கள் ஓகுமா, ஃபுதாபா, தொமியோகா, நமியே, இயிதாதே மக்கள். இந்த ஊர்களின் பெயர்கள் உலகத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஃபுதாபாவில் திரும்பக் குடியேற அனுமதி கிடைத்ததே 2022 ஆகஸ்ட் கடைசியில்தான்.

நிலையத்தை நடத்தியது டோக்கியோ மின்சார நிறுவனம். முதல் உலை 1971 முதல் ஓடியது. மின்சாரம் போனது டோக்கியோ வட்டாரத்துக்கு. பெயர் மட்டும் ஃபுகுஷிமாவுக்கு வந்தது.

நம் ஊரிலேயே இப்படி ஒன்று இருக்கிறது. கல்பாக்கத்தில் உள்ள அணுமின் நிலையத்தின் அதிகாரப்பூர்வப் பெயர் மெட்ராஸ் அணுமின் நிலையம். சென்னையிலிருந்து அது சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

கோவையிலிருந்து: ஜப்பான் நண்பர் ஒருவர் தன்னை ஃபுகுஷிமாக்காரர் என்றதும் நான் விபத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. ஏன்?

அவர் ஐஸுவிலோ நகரத்திலோ வளர்ந்தவராக இருக்கலாம். பதினைந்து வருடமாக எங்கே போனாலும் அந்த ஒரே கேள்விதான் அவருக்குக் காத்திருக்கும். வதந்தியால் வரும் நஷ்டத்துக்கு ஜப்பானியர் ‘ஃபூஹ்யோ ஹிகாய்’ என்பார்கள். விபத்துக்குப் பிறகு அந்த மாகாணத்தில் தினமும் புழங்குகிற சொல் அது. அப்புறம், பத்திரிகைகள் ஊரின் பெயரை வழக்கமான சீன எழுத்தில் போடாமல், வெளிநாட்டுச் சொற்களுக்குரிய கடகானா எழுத்தில் போட்டன. ஹிரோஷிமாவுக்கும் முன்பு அப்படித்தான் செய்தார்கள். சொந்த ஊரின் பெயர் ஒரு பேரழிவின் அடையாளமாக அச்சாகும்போது அங்கிருப்பவர்களுக்கு வலிக்கிறது. அடுத்த முறை “ஃபுகுஷிமாவில் எந்த ஊர்?” என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு நன்றாகவே போகும்.

ஈரோட்டிலிருந்து: ஃபுகுஷிமா பீச் பழம் என்று கடையில் பார்த்தேன். சாப்பிடலாமா?

தாராளமாகச் சாப்பிடலாம். ‘அகட்சுகி’ ரகம் என்றால் விட்டுவிடாதீர்கள். அறுக்கும்போது கொஞ்சம் கெட்டியாக இருக்கும், வாயில் போட்டதும் சாறு வழியும். ஜப்பானில் உணவில் இருக்கக்கூடிய கதிரியக்க சீசியத்தின் வரம்பு 2012 ஏப்ரல் முதல் கிலோவுக்கு 100 பெக்கெரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு). அந்த மாகாணத்தில் விளைந்த நெல்லை மாதிரி எடுத்துப் பார்ப்பதோடு விடாமல், ஒவ்வொரு மூட்டையையும் இயந்திரத்தில் ஏற்றிச் சோதித்தார்கள். வருடத்துக்கு ஒரு கோடி மூட்டை அளவுக்கு. 2015 அறுவடையிலிருந்து வரம்பைத் தாண்டிய மூட்டை ஒன்றுகூட இல்லை என்று ஆன பிறகுதான், 2020-இல் பெரும்பாலான இடங்களில் மாதிரிச் சோதனைக்கு மாறினார்கள். அமெரிக்கா 2021-லும் ஐரோப்பிய ஒன்றியம் 2023-லும் இறக்குமதித் தடைகளை நீக்கிவிட்டன.

திருச்சியிலிருந்து: இந்தப் பெயர் ஏன் இத்தனை இடங்களில்?

‘ஃபுகு’ என்றால் நற்பேறு, ‘ஷிமா’ என்றால் தீவு. கடல் தீவு மட்டும் இல்லை, ஆறுகளுக்கும் சதுப்புக்கும் நடுவே மேடாக நிற்கிற நிலத்தையும் அப்படிச் சொல்வார்கள். அதனால்தான் கடலே தெரியாத ஊர்களுக்கும் இந்தப் பெயர். மங்கலமான பெயர் என்பதால் விரும்பியும் வைத்தார்கள். இன்றைய ஃபுகுஷிமா நகரத்தின் கோட்டைக்கு முன்பு சுகினோமே என்று பெயர், 1590-களில் மாற்றினார்கள். ஒசாகாவின் ஃபுகுஷிமா முதலில் பசிப்பேய்த் தீவு என்று பொருள்படும் பெயரில் இருந்ததாகவும், நாடுகடத்தப்பட்டு அவ்வழியே போன அறிஞர் சுகவாரா நோ மிச்சிசானே நல்ல பெயர் சூட்டியதாகவும் உள்ளூரில் ஒரு கதை உண்டு. நிஜத் தீவுதான் வேண்டுமென்றால் நாகசாகி மாகாணத்து மட்சுஉராவில் ஒரு ஃபுகுஷிமா இருக்கிறது. கடலைப் பார்த்தபடி அடுக்கடுக்காக இறங்கும் நெல் வயல்கள் அங்கே பிரபலம்.

நாகானோ மலைகளில் கிசோ-ஃபுகுஷிமா. இன்றைய டோக்கியோ ‘எதோ’ என்ற பெயரில் ஆட்சித் தலைநகராக இருந்த காலத்தில், கியோட்டோவையும் அதையும் இணைத்த நகாசெந்தோ சாலையின் பெரிய சோதனைச்சாவடி அங்கே இருந்தது. தலைநகரை நோக்கிப் போகும் துப்பாக்கிகளையும், தலைநகரிலிருந்து வெளியேறும் பெண்களையும் மடக்குவதுதான் காவலர்களின் முக்கிய வேலை. பிரபுக்களின் மனைவிமாரைத் தலைநகரில் பிணையாக வைத்திருந்தார்கள் அல்லவா, அவர்கள் வேடம் மாறித் தப்பினால் அடுத்து வருவது கலகம் என்ற பயம்.

யாழ்ப்பாணத்திலிருந்து: சுமோ வீரர் சியோனோஃபுஜி ஃபுகுஷிமாக்காரர் என்று படித்தேன். அந்த மாகாணமா?

இல்லை, வடக்கே ஹொக்கைடோவின் தென்கோடியில் இருக்கிற ஃபுகுஷிமா என்ற மீனவர் ஊர். 31 பட்டங்களும் 1,045 வெற்றிகளும் பெற்றவர் அவர். அவருடைய குருவான சியோனோயாமாவும் அதே ஊர். இருவரும் சுமோவின் மிக உயர்ந்த பட்டமான யோகோசுனாவை எட்டியவர்கள். சிற்றூர் ஒன்று இரண்டு யோகோசுனாக்களைத் தந்திருக்கிறது என்பதால் இருவருக்கும் சேர்த்து அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள்.

தஞ்சாவூரிலிருந்து: வரலாற்றில் வரும் ஃபுகுஷிமா மசனோரி அந்த மாகாணத்தை ஆண்டவரா?

அவருக்கும் அந்த மாகாணத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அவர் பிறந்தது ஓவாரியில், இன்றைய ஐச்சி மாகாணம். 1583-இல் ஷிசுகதாகே போரில் பெயர் வாங்கிய ஏழு ஈட்டி வீரர்களில் ஒருவர். 1600-இல் செகிகஹாரா போரில், பின்னாளில் நாட்டை ஆண்ட தோகுகவா பக்கம் முன்னணியில் நின்று போரிட்டார். அதற்குப் பரிசாக அவருக்குக் கிடைத்தது ஹிரோஷிமா! ஃபுகுஷிமா என்ற மனிதர் ஹிரோஷிமா கோட்டையில் இருந்து ஆண்டார். வெள்ளத்தில் சேதமான கோட்டையை முறையான அனுமதி இல்லாமல் பழுதுபார்த்தார் என்று சொல்லி 1619-இல் அரசு எல்லாவற்றையும் பறித்து, மலைநாட்டில் ஒரு சிறு பகுதியைக் கொடுத்து அனுப்பிவிட்டது. 1624-இல் அங்கேயே இறந்தார்.

மனிதர் மதுப்பிரியர். ஒருமுறை விருந்துக்கு வந்த மோரி தாஹேயிடம் பெரிய கிண்ணம் நிறைய சாக்கேயை நீட்டி, குடித்து முடித்தால் கேட்டதைத் தருகிறேன் என்றாராம். தாஹே குடித்து முடித்து, தோகுகவாவுக்கு முன் ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷி மசனோரிக்குக் கொடுத்திருந்த ‘நிஹோங்கோ’ ஈட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். மூன்று மீட்டருக்கு மேல் நீளமான அந்த ஈட்டி இப்போது ஃபுகுஓகா நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பயணக் கதை பிடிக்குமென்றால் ஃபுகுஷிமா யசுமாசாவையும் தேடிப் படியுங்கள். பெர்லினில் இருந்த ஜப்பானிய ராணுவ அதிகாரி. 1892 பிப்ரவரியில் அங்கே குதிரை ஏறியவர் சைபீரியா வழியாக 1893 ஜூனில் விளாடிவோஸ்டாக் சேர்ந்தார்.

பெங்களூரிலிருந்து: செயற்கை நுண்ணறிவுப் பாடத்தில் ஒரு ஃபுகுஷிமா வருகிறாரே?

அவர் ஃபுகுஷிமா குனிஹிகோ. எனக்கு மிகவும் மரியாதை உள்ளவர். 1936-இல் தைவானில் பிறந்தார். ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் ஆய்வகத்தில் வேலை செய்தபோது, 1980-இல் நியோகாக்னிட்ரான் என்ற வலைப்பின்னலை வெளியிட்டார். பூனையின் மூளை கண்ணால் பார்ப்பதை எப்படிப் பகுத்துக்கொள்கிறது என்ற ஆராய்ச்சியிலிருந்து எடுத்த யோசனை. ஒரு அடுக்கு கோடு, மூலை போன்ற சிறு அடையாளங்களைத் தேடும். அடுத்த அடுக்கு, அந்த அடையாளம் கொஞ்சம் நகர்ந்திருந்தாலும் விட்டுக்கொடுத்து ஏற்றுக்கொள்ளும். இப்படி மாறி மாறி அடுக்கினால் கோணலாக எழுதிய எண்ணையும் அடையாளம் காணலாம். இன்று உங்கள் போன் முகத்தைக் கண்டுகொள்ளும் முறைக்கு மூதாதை இது. பாடம் நடத்துகிறவர்கள் அவருடைய முழுப்பெயரையும் சொன்னால் நன்றாக இருக்கும்.

சிங்கப்பூரிலிருந்து: அக்கா, சாமுராய் கோட்டை பார்க்க ஐஸு போகிறோம். ஃபுகுஷிமாவில் மலிவாக அறை கிடைத்தது, பதிவு செய்துவிட்டேன். சரிதானே?

முகவரியில் உள்ள அஞ்சல் குறியீட்டை உடனே பாருங்கள். 553 என்று தொடங்கினால் அது ஒசாகா, கோட்டைக்கும் அறைக்கும் நடுவே பாதி ஜப்பான் இருக்கும். 960 என்றால் ஃபுகுஷிமா நகரம். ஆனால் ஐஸுவுக்கு அதுவும் சுற்றுவழிதான். டோக்கியோவிலிருந்து ஷிங்கன்சென் அதிவேக ரயிலில் வந்து கோரியாமாவில் இறங்கி, அங்கிருந்து பானெட்சு மேற்குத் தடத்து ரயில் பிடிப்பது சுலபம். ரத்து செய்ய வழி இருந்தால் ஐஸு-வகாமட்சுவிலேயே அறை எடுங்கள். ரயில் சீட்டு வாங்கும்போதும் கவனம். இரண்டு ஃபுகுஷிமா நிலையங்களும் ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) நிலையங்கள்தான், எது எந்தத் தடம் என்று காட்ட ஊர்ப் பெயருக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் ஓர் எழுத்து அச்சாகி இருக்கும். சந்தேகம் இருந்தால் கவுண்டரிலேயே கேட்டுவிடுங்கள்.