பயனீட்டாளர் கேள்வி-பதில்: லோரியாக மாறும் ரோபோ வாங்கும் முன்

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. தீபாவளிக்குக் கிடைத்த அங்பாவ் பணத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு, லோரியாக மாறும் சிவப்பு நீல ரோபோதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். பேரங்காடியில் போய்ப் பார்த்தால் அதே ரோபோ 50 ரிங்கிட்டுக்கும் இருக்கிறது, 180க்கும் இருக்கிறது, 300க்கும் இருக்கிறது. ஏன் இவ்வளவு வித்தியாசம்? எதை வாங்குவது?
– ஒரு தாய், செந்தூல்

பதில்: உங்கள் மகன் கேட்பது டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கதைகளில் வரும் ஆப்டிமஸ் பிரைம். பெயரும் நிறமும் ஒன்றுதான் என்றாலும், அந்த மூன்று பெட்டிகளிலும் இருப்பது மூன்று வேறு பொம்மைகள். 50 ரிங்கிட் பொம்மையை ஓர் இழுப்பு இழுத்தால் லோரி, திருப்பித் தள்ளினால் ரோபோ. நான்கைந்து வயதுப் பிள்ளைக்கு அது மிகச் சரியான பொம்மை. காசு சேர்த்து வைத்துக் காத்திருக்கும் ஏழு வயதுப் பையனுக்கு அது சீக்கிரமே அலுத்துவிடும். 180 ரிங்கிட் பொம்மை பெரும்பாலும் வாயேஜர் என்ற அளவாக இருக்கும், உயரம் சுமார் 18 சென்டிமீட்டர். 300 ரிங்கிட்டுக்கு விற்பது லீடர் அளவு. உயரம் சற்றுக் கூடுதல், அதோடு பின்கூண்டோ (லோரி பின்னால் இழுத்துச் செல்லும் பெட்டி) கவசமோ சேர்ந்து வரும். இவற்றுக்குக் கீழே டீலக்ஸ் என்று சுமார் 14 சென்டிமீட்டரில் ஓர் அளவும் உண்டு.

விலைக்கு முன்னால் படிகளின் எண்ணிக்கையைத் தேடுங்கள். லோரியிலிருந்து ரோபோவாக மாற எத்தனை படிகள் என்று, இதைத் தயாரிக்கும் ஹாஸ்ப்ரோ நிறுவனத்தின் பெட்டிகளில் அச்சிட்டிருப்பார்கள். இந்தப் பொம்மையின் உயிரே உருமாற்றத்தில்தான் இருக்கிறது. பையன் அதைத் தானாகச் செய்ய முடியவில்லை என்றால் எவ்வளவு அழகான பொம்மையும் அலமாரியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஏழு வயதுக்கு 15 முதல் 25 படிகள் வரை சரியாக இருக்கும் என்பது என் கணிப்பு. இந்த வகையில் பல பெட்டிகளில் எட்டு வயதுக்கு மேல் என்று போட்டிருக்கும். நீங்கள் கூட உட்கார்ந்து இரண்டு மூன்று தடவை மாற்றிக் காட்டினால் அவன் பிடித்துக்கொள்வான்.

அடுத்து, எந்த லோரி வேண்டும் என்று அவனையே கேளுங்கள். 1984இல் வந்த முதல் ஆப்டிமஸ் பிரைம், நம் நெடுஞ்சாலைகளில் ஓடும் லோரிகளைப் போலத் தட்டை முகம் கொண்டது. 2007இல் வந்த டிரான்ஸ்ஃபார்மர்ஸ் திரைப்படத்துக்குப் பிறகு வந்தவற்றில் பல, மூக்கு நீண்ட அமெரிக்க லோரிகள். பையன் மனதில் ஒன்று இருந்து நீங்கள் இன்னொன்றை வாங்கிக்கொண்டு போனால் வீட்டில் அழுகைதான். பின்கூண்டு விஷயமும் அப்படித்தான். முதல் பொம்மையிலேயே லோரியின் தலைப்பகுதி மட்டும்தான் ரோபோவானது, கூண்டு தனியாகத் திறந்து தளமாக நின்றது. இன்று விற்பவற்றில் பலவற்றுக்குக் கூண்டே கிடையாது. பெட்டியின் பின்பக்கப் படத்தில் கூண்டு இல்லை என்றால் உள்ளேயும் இருக்காது.

கோலாலம்பூரில் சுங்கை வாங், பெர்ஜயா டைம்ஸ் ஸ்குவேர் போன்ற பேரங்காடிகளில் பொம்மை சேகரிப்பவர்களுக்கான சிறு கடைகள் இருக்கின்றன. அங்கே பிரித்துக் காட்சிக்கு வைத்த பொம்மை இருந்தால், கேட்டுவிட்டுக் கையில் வாங்கிப் பாருங்கள். முதலில் லோரியாக மேசைமேல் வைத்து மெல்ல உருட்டுங்கள். எல்லாச் சக்கரமும் தரையைத் தொடுகிறதா? ஆறு சக்கரத்தில் இரண்டு அந்தரத்தில் நிற்பது இவ்வகையில் சாதாரணம். பக்கத் தகடுகள் ஒன்றோடொன்று கொளுவி இறுகுகின்றனவா, அல்லது விரல் பட்டாலே விரிகின்றனவா என்றும் பாருங்கள். அப்புறம் ரோபோவாக நிறுத்தி ஒரு கையை மேலே தூக்குங்கள். இடுப்பு மூட்டு தளர்வாக இருந்தால் அது மெதுவாகப் பின்னால் சாயும். லோரியின் கூரையும் கதவும் முதுகில் மூட்டையாகத் தொங்குகிற பொம்மைகள் சாய்வதற்கு அந்தச் சுமையும் ஒரு காரணம்.

நான் அதிகம் கவனிப்பது கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கை. முன்கண்ணாடிக்குப் பயன்படும் அந்தப் பிளாஸ்டிக் மற்றதைவிட எளிதில் வெடிக்கும். இரும்பு ஊசி அதன் வழியாகவே போய் மூட்டாக நிற்கிற அமைப்பு என்றால், பிள்ளையின் கையில் முதலில் விரிசல் விடுவது அந்த இடம்தான். வளைத்த இடத்தில் வெள்ளைக் கோடு தெரிந்தால் அங்கே அழுத்தம் மீறிவிட்டது என்று பொருள்.

மூன்றில் ஒன்று என்றால் நான் 180 ரிங்கிட் பொம்மையைத்தான் சொல்வேன். கூண்டுக்காகத்தான் அவன் உயிரை விடுகிறான் என்றால் மட்டும் 300. வாங்கிய பிறகு வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிடாதீர்கள். நம் ஊர்ச் சூட்டில் ஒட்டுத்தாள் உரியும், ரப்பர் சக்கரம் இருந்தால் பிசுபிசுக்கும்.

கேள்வி: பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) இதே பொம்மை, இன்னும் பெரிதாக, விளக்கும் சத்தமுமாக 25 ரிங்கிட்டுக்குக் கிடைக்கிறது. பேரனுக்கு மூன்று வயது. அவனுக்கு எதற்கு அசல் என்று மருமகன் கேட்கிறார். வாங்கலாமா?
– ஒரு பாட்டி, கெப்போங்

பதில்: வேண்டாம் அம்மா. விலை மலிவு என்பதற்காகச் சொல்லவில்லை. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைகள் பாதுகாப்புத் தரத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும், அதைக் காட்டும் எம்சி முத்திரை பொம்மையிலோ பெட்டியிலோ இருக்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். 2009இல் வந்த விதிமுறை அது. அந்த முத்திரை இல்லாத பொம்மையின் சாயத்தில் என்ன இருக்கிறது, எந்தத் துண்டு கழன்று வரும் என்பதற்கு யாரும் பொறுப்பில்லை.

விளக்கும் சத்தமும் இருக்கிறது என்கிறீர்கள், எனக்கு அதுதான் பெரிய கவலை. இத்தகைய பொம்மைகளில் பலவற்றில் பொத்தான் போன்ற வட்ட மின்கலம்தான் இருக்கும். பிள்ளை அதை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உட்புறத்தைச் சுட்டுப் புண்ணாக்கிவிடும். மின்கல மூடி திருகாணி போட்டு இறுக்கியதாக இருக்க வேண்டும். நகத்தால் திறக்கிற மூடி என்றால் அந்தப் பொம்மை வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. அப்படி ஒரு பொம்மை ஏற்கெனவே வீட்டில் இருந்து, மின்கலத்தைக் காணோம் என்றால், விழுங்கினானா இல்லையா என்று யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மூன்று வயதுக்கு உருமாறும் ரோபோவே தேவையில்லை. முத்திரையுள்ள, உறுதியான, தள்ளி ஓட்டும் லோரி ஒன்று போதும்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய ரோபோவுக்கு இரண்டு பாதமும் இடதுகால் பாதமாக இருக்கிறது. பெட்டியைத் திறந்துவிட்டதால் திருப்பி எடுக்க முடியாது என்கிறார் விற்பனையாளர். 220 ரிங்கிட் போனது போனதுதானா?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: போகவில்லை. தொழிற்சாலையில் தவறாகப் பொருத்தியது விற்பனையாளருக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் சரிசெய்து தரும் பொறுப்பு அவருடையது. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். இணைய விற்பனைக்கும் அது பொருந்தும். 'திருப்பி எடுக்க மாட்டோம்' என்று கடைக்காரர் எழுதி வைப்பதால் அந்த உரிமை போய்விடாது. பெட்டியைத் திறக்காமல் உள்ளே இருக்கும் பாதத்தை எப்படிப் பார்ப்பதாம்?

இரண்டு பாதமும் தெரியும்படி படம் எடுத்து, ரசீதோடு சேர்த்து, மாற்றித் தர வேண்டும் அல்லது பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். தொலைபேசிப் பேச்சு போதாது. வாங்கிய தளத்திலேயே புகார் செய்யும் வசதி இருந்தால், அதன் கெடு முடிவதற்குள் அங்கும் பதிந்துவிடுங்கள். மசியவில்லை என்றால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மூன்று ஆண்டுகளுக்குள் பதிய வேண்டும்.

விற்பனையாளர் வெளிநாட்டில் இருந்தால் அவரை மன்றத்துக்கு இழுப்பது கடினம். அதனால் அடுத்த தடவை, உள்நாட்டிலிருந்து அனுப்புகிறவரா என்று முதலில் பாருங்கள். 2024 ஜனவரி முதல், வெளிநாட்டிலிருந்து இணையம் வழி வாங்கும் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருள்களுக்கு 10 விழுக்காடு விற்பனை வரியும் உண்டு. மலிவு என்று நினைத்தது கணக்குப் போட்டால் மலிவாக இருக்காது.

கேள்வி: அப்பாவின் பழைய பெட்டியில் 1980களின் ஆப்டிமஸ் பிரைம் ஒன்று கிடைத்தது. ஒருவர் 300 ரிங்கிட் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?
– இளைஞர், பூச்சோங்

பதில்: அவசரப்படாதீர்கள் தம்பி. இதே பொம்மையைப் பல தடவை மறுவெளியீடு செய்திருக்கிறார்கள், போலிகளும் உண்டு. பிளாஸ்டிக்கில் பொறித்திருக்கும் நிறுவனப் பெயரையும் ஆண்டையும் முதலில் படித்துப் பாருங்கள். ஆண்டை மட்டும் வைத்துப் பழைய பொம்மை என்று முடிவு செய்ய முடியாது, மறுவெளியீட்டிலும் அதே எண் இருக்கக்கூடும். அப்புறம் உறுப்புகள். கழற்றி மாட்டும் இரண்டு கைமுட்டிகள், துப்பாக்கி, பின்கூண்டு, கூண்டுக்குள் ஓடும் சிறு வண்டி, இவை இருக்கின்றனவா? கைமுட்டிகள்தான் பல வீடுகளில் முதலில் தொலைந்தவை. விலையை ஏற்றுவதும் இறக்குவதும் இந்தத் துண்டுகள்தான். எல்லாவற்றையும் படம் எடுத்து, சேகரிப்புக் கடைகள் இரண்டு மூன்றில் விலை கேட்டுப் பாருங்கள். அதுவரை சோப்பு நீரில் கழுவ வேண்டாம், ஒட்டுத்தாள் உரிந்துவிடும். உலர்ந்த மென்தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும்.