பாலஸ்தீனர் உரிமைக்கான 'பி.டி.எஸ்.' இயக்கம் என்றால் என்ன?

இஸ்ரேலுக்கு எதிரான புறக்கணிப்பு, முதலீட்டைத் திரும்பப் பெறுதல், தடை: இம்மூன்றும் சேர்ந்ததுதான் பி.டி.எஸ். 2005 ஜூலை 9 அன்று 170க்கும் மேற்பட்ட பாலஸ்தீன அமைப்புகள் உலகத்துக்கு விடுத்த அழைப்பு இது. இஸ்ரேலின் ஆக்கிரமிப்பு முடிய வேண்டும், இஸ்ரேலில் வாழும் பாலஸ்தீனக் குடிமக்களுக்குச் சம உரிமை வேண்டும், அகதிகள் ஊர் திரும்ப வேண்டும் என்பவை கோரிக்கைகள்.

ஏன் பணத்தில் கை வைக்கிறார்கள்? இஸ்ரேல் ஆக்கிரமித்துள்ள பாலஸ்தீனப் பகுதியான மேற்குக்கரையில் அது சுவர் கட்டியது சட்டவிரோதம் என்று சர்வதேச நீதிமன்றம் 2004இல் கருத்துரைத்தும் சுவர் அப்படியே நின்றது. தண்ணீர் கலக்கும் பால்காரரிடம் ஒரு வீட்டார் மட்டும் பால் வாங்காவிட்டால் அவருக்கு உறைக்காது. தெருவே நிறுத்தினால் உறைக்கும். அதனால்தான் கண்ட பிராண்டையெல்லாம் ஒதுக்கச் சொல்லாமல், சில நிறுவனங்களை மட்டும் குறிவைக்கிறார்கள். இது சரியான உத்தி.

பார்கோடு 729 என்று தொடங்கினால் இஸ்ரேல் சரக்கு என்பது தவறு: அது எண் பதிவான நாட்டை மட்டுமே காட்டும், ஆக்கிரமித்த நிலத்திலுள்ள இஸ்ரேலியக் குடியேற்றத்தில் விளைந்த பேரீச்சை ஐரோப்பாவில் பொதியப்பட்டு வேறு எண்ணோடு வரலாம் என்பதால், பெட்டியில் விளைந்த இடத்தைப் பாருங்கள்.