'ஆல்தோ' வந்தால் 'பட்' ஏன் வரக்கூடாது?

சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் அடிக்கடி கேட்பது: ஆங்கிலத்தில் 'ஆல்தோ' (although) என்று தொடங்கிய வசனத்தின் நடுவில் 'பட்' (but) போட்டால் ஏன் பிழை?

இணைப்புச் சொல் என்பது இரண்டு கருத்துகளைத் தொடுத்து, அவற்றுக்குள் என்ன உறவு என்று காட்டும் சொல். காரணமா, முரணா, விளைவா என்று அதுதான் சொல்கிறது. 'ஆல்தோ', 'பட்' இரண்டுமே முரணைக் காட்டுபவை. தமிழில் 'மழை பெய்தாலும் அவன் ரியூசனுக்குப் போனான்' என்போம்; அந்த 'ஆலும்' வந்தபின் 'ஆனால்' எதற்கு? அதே கதைதான். படலைக்கு ஒரு கொளுக்கி போதும்.

'டிஸ்பைட்' (despite), 'ஹவெவர்' (however) என்பவையும் முரணைத்தான் காட்டும்; அதனால் கோடிட்ட இடம் நிரப்பும் கேள்வியில் கருத்தை மட்டும் பார்த்தால் மாட்டிக்கொள்வீர்கள். கோட்டுக்குப் பின்னால் இருப்பதைப் பாருங்கள். எழுவாயும் வினையும் சேர்ந்து வந்தால் 'ஆல்தோ'. 'த ரெயின்' போல வெறும் பெயர்ச்சொல், அல்லது 'ஐஎன்ஜி'யில் முடியும் சொல் என்றால் 'டிஸ்பைட்'. (அதன் பின்னால் 'ஒஃப்' போடாதீர்கள், அது 'இன் ஸ்பைட்'டுக்கு உரியது.) 'ஹவெவர்' பெரும்பாலும் முற்றுப்புள்ளிக்குப் பிறகு புது வசனத்தைத் தொடங்கும், கூடவே ஒரு கொமா.

அப்புறம், 'பிகாஸ்' வசனத்தின் தொடக்கத்தில் வரவே கூடாது என்று பலர் நம்புகிறார்கள். வரலாம், காரணத்தோடு நின்றுவிடாமல் விளைவையும் அதே வசனத்தில் சொன்னால் சரி.