பதில்: ஜாடியில் வைத்த ரோஜா மறுநாளே தலை சாய்கிறது

தோட்டத்து ரோஜாவை மதியம் வெட்டி, சர்க்கரை மட்டும் போட்ட நீரில் வைத்தால் மறுநாளே தலை சாய்கிறது, ஏன் என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். இதழ் வாடாமல் கழுத்து மட்டும் மடிந்தால், தண்ணீர் பூவரை ஏறவில்லை என்று அர்த்தம். மதியம் வெட்டியதுதான் முக்கியக் காரணம். வெயிலில் தண்டு ஏற்கெனவே நீரிழந்திருக்கும். வெட்டியதும் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும், அந்தக் காற்று நீரின் வழியை அடைத்துவிடும்.

இப்போது சாய்ந்திருப்பவற்றைத் தூக்கிப் போடாதீர்கள். தண்டின் அடியைத் தண்ணீருக்குள் பிடித்தபடியே 2–3 செ.மீ. சாய்வாக வெட்டுங்கள். தலை நிமிர்ந்திருக்கும்படி செய்தித்தாளில் சுற்றி, வெதுவெதுப்பான நீரில் ஆழமாக 2 மணி நேரம் நிறுத்துங்கள். பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். நன்றாக விரிந்து முதிர்ந்த பூ நிமிராது.

இனி அதிகாலையில் வெட்டுங்கள், தண்ணீர் நிரப்பிய வாளியைச் செடிக்கே கொண்டுபோங்கள். புற இதழ்கள் தளரத் தொடங்கிய மொட்டுதான் சரியான பருவம். இறுகிய மொட்டு விரியாமலே கழுத்தொடியும்.

ஜாடியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். நீருக்குள் ஓர் இலைகூட இருக்கக் கூடாது. அழுகினால் கிருமி பெருகித் தண்டை அடைக்கும். சர்க்கரை மட்டும் போடுகிறீர்களே, அது கிருமிக்கும் உணவு! 1 லிட்டருக்கு 1 தேக்கரண்டி சர்க்கரையோடு 2 தேக்கரண்டி எலுமிச்சைச் சாறும் சேர்த்து, தினமும் மாற்றுங்கள்.

தோட்டத்து ரோஜாவுக்குத் தண்டு மெல்லியது, பூ கனமானது. அதனால் உயர ஜாடி வேண்டாம். குட்டையான ஜாடியின் வாயில் செல்லோடேப்பைக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டி, கட்டத்துக்கு ஒரு தண்டாகச் செருகுங்கள். பழக்கூடைக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு இதழை உதிர்க்கும்.